கடனும் ஆட்சியுரிமையும்: ஆற்காட்டு நவாபு அரசின் நிதிச் சீர்குலைவு (1740–1801)

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா பட்ட கடன்கள், அவரது ஆடம்பரத்தின் விளைவு என்றே நெடுங்காலம் விளக்கப்பட்டு வந்தன. வரி தண்டும் உரிமை யாருடையது என்பது அறுபது ஆண்டுகள் உறுதிப்படாமல் இருந்ததே நிதிச் சீர்குலைவின் அடிப்படைக் காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது. வட்டி விகிதம், வருவாய் அடைமானம், நீர்நிலைகளின் நிலை ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. மைசூர் அரசுடனான ஒப்பீடு, போர் மட்டுமே இச்சீர்குலைவை உண்டாக்கியது என்னும் கருத்தை மறுக்கப் பயன்படுகிறது.

திறவுச் சொற்கள்: ஆற்காட்டு நவாபு, கர்நாடகக் கடன், குத்தகை, பேஷ்கஷ், கிழக்கிந்தியக் கம்பெனி, பொது நிதி

முன்னுரை

அரசியல் நிலையின்மைக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பொருளியலாளர்கள் எண்களால் அளக்க முயன்றுள்ளனர். அல்பெர்ட்டோ அலெசினாவும் பிறரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் பலராலும் எடுத்தாளப்படுவது. 113 நாடுகளின் 1950 முதல் 1982 வரையிலான தரவுகளைக் கொண்டு, ஆட்சி கவிழும் வாய்ப்பு மிகுந்த நாடுகளிலும் காலங்களிலும் வளர்ச்சி குறைவாக இருந்ததை அவர்கள் காட்டினர். இத்தகைய ஆய்வுகள் தொடர்பு உண்டு என்பதை நிறுவுகின்றன. அத்தொடர்பு எவ்வழியாகச் செயற்படுகிறது, நிலையின்மை ஓர் அரசின் கருவூலத்துக்குள்ளும் ஒரு குடியானவரின் வயலுக்குள்ளும் எவ்வாறு நுழைகிறது என்பதை எண்களைக் காட்டிலும் வரலாறே தெளிவாகக் காட்டவல்லது.

தமிழகத்தின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் ஆண்ட ஆற்காட்டு நவாபுகளின் அரசு இதற்கு மிகப் பொருத்தமான களம். பதினெட்டாம் நூற்றாண்டுக்கு நாட்டு வருமானக் கணக்கு எதுவும் கிடையாது; எனவே வளர்ச்சி விகிதம் பற்றிப் பேச வழியில்லை. ஆயினும் கடன் பத்திரங்கள், வட்டி விகிதங்கள், குத்தகை ஒப்பந்தங்கள், கம்பெனியின் வருவாய் அறிக்கைகள் ஆகியவை ஏராளமாக எஞ்சியுள்ளன. கடன்பட்ட அரசுகள் விட்டுச்செல்லும் ஆவணங்கள், கடனற்ற அரசுகள் விட்டுச்செல்வனவற்றைவிட எப்போதும் மிகுதி.

இச்சான்றுகளைக் கையாளுவதில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நவாபைப் பொறுப்பற்ற ஊதாரியாகக் காட்டுவதில் கம்பெனிக்குத் தெளிவான நலன் இருந்தது. அவருடைய நாட்டை எடுத்துக்கொள்வதற்கான நியாயமே அதுதான். கம்பெனி ஊழியர்களைக் கடுமையாகச் சாடிய எட்மண்ட் பர்க்கும் நடுநிலையாளர் அல்லர். அவருக்கு மிக நெருங்கியவரான வில்லியம் பர்க், நவாபுக்குப் பகைவராக இருந்த தஞ்சாவூர் மன்னரின் முகவராக லண்டனில் செயற்பட்டவர். நவாபின் தரப்பை உரைக்கும் புர்ஹான் இப்னு ஹசனின் ‘துசக்-இ-வாலாஜாஹி’ என்னும் பாரசீக நூலோ அரசவைப் புகழ்நூல். மூன்று தரப்பும் தத்தம் வழக்கை முன்வைக்கின்றன என்பதை மனத்திற்கொண்டே அவற்றைப் படிக்க வேண்டும்.

ஒரு கோடி ரூபாயும் ஒரு கொலையும்

சாதத்துல்லா கான் 1732இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆற்காட்டில் ஒரே கையில் ஆட்சி இருந்தது. முகலாயப் பேரரசர், தக்காணத்தின் நிஜாம், ஆற்காட்டு நவாபு, அவருக்குக் கீழே கோட்டைத் தலைவர்கள், பாளையக்காரர்கள், தஞ்சாவூர் மராட்டிய மன்னர் எனப் பல அடுக்குகளைக் கொண்ட அதிகார அமைப்பு அது. மேலடுக்குக்குக் கப்பம், கீழடுக்கிடமிருந்து பேஷ்கஷ் என்பதே அதன் நிதி நடைமுறை. ஒவ்வோர் அடுக்கும் தனக்கு மேலுள்ளவரின் வலிமையை எடைபோட்டே பணம் செலுத்தியது. மேலுள்ளவர் தளர்ந்தால் நிலுவை வளரும். அவர் படையுடன் வந்தால் நிலுவை தீரும். அமைதிக் காலத்தில் இது ஓரளவு இயங்கியது.

1740 மே மாதம் ரகூஜி போன்சலேயின் மராட்டியப் படை தாமலச்செருவு கணவாயில் நவாபு தோஸ்த் அலியைப் போரில் கொன்றது. அவருடைய மகன் சப்தர் அலி மராட்டியருக்கு ஒரு கோடி ரூபாயைத் தவணைகளில் தருவதாக உடன்பட்டு ஆட்சியைக் காத்துக்கொண்டார். அவ்வளவு பணம் கருவூலத்தில் இல்லை. கோட்டைத் தலைவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பங்கைத் தர வேண்டுமென அவர் நெருக்கினார். அவர்களுள் பெருஞ்செல்வர் வேலூரின் மூர்த்தசா அலி. பங்கைத் தர மனமில்லாத அவரது ஏற்பாட்டில், 1742 அக்டோபரில் வேலூர்க் கோட்டையிலேயே சப்தர் அலி கொல்லப்பட்டார்.

இந்நிகழ்ச்சியைக் குடும்பப் பகையாக மட்டும் காண்பது போதாது. தோல்வி தண்டத்தொகையாக மாறியது. தண்டத்தொகை உள்நாட்டு வசூலாக மாறியது. வசூல் கொலையில் முடிந்தது. கொலை மீண்டும் ஆட்சியுரிமைக் குழப்பத்தைத் தோற்றுவித்தது. நிதி நெருக்கடியும் அரசியல் நெருக்கடியும் ஒன்றையொன்று பெற்றெடுக்கும் இச்சுழற்சியை அடுத்த அறுபது ஆண்டுகளிலும் காணலாம். 1744இல் சப்தர் அலியின் இளவயது மகனும் ஆற்காட்டில் கொல்லப்பட்டான். நிஜாமின் ஆணைப்படி அன்வருதீன் கான் நவாபானார். நான்கே ஆண்டுகளில் ஆற்காட்டு நாடு தோஸ்த் அலி, சப்தர் அலி, சில நாட்களே நிலைத்த மூர்த்தசா அலி, ஒரு சிறுவன், அன்வருதீன் ஆகிய ஐவரைத் தலைவராகக் கண்டுவிட்டது.

அன்வருதீனும் 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் வீழ்ந்தார். பிரெஞ்சுக்காரரின் துணையுடன் சந்தா சாகிபும், ஆங்கிலேயரின் துணையுடன் அன்வருதீனின் மகன் முகம்மது அலியும் நவாபுப் பட்டத்துக்கு உரிமை கோரினர். ஒரே நாட்டுக்கு இரண்டு நவாபுகள் இருந்தபோது வரி வசூலின் நிலை என்னவாயிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஒருவரிடம் செலுத்திப் பெற்ற சீட்டு மற்றவரிடம் செல்லாது. இரண்டு முறை செலுத்த நேரிடும் என்னும் அச்சத்தில், யார் வெல்வார் எனத் தெரியும்வரை எவரிடமும் செலுத்தாதிருப்பதே அறிவுடைமையாகிறது. 1736 முதல் எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இக்காலத்தைப் புதுச்சேரியிலிருந்து காட்டுகிறது. அதனை அரசியல் நிகழ்ச்சிகளின் பதிவாகவே பலர் படிக்கின்றனர். போர்ச் செய்திகளுக்கு நடுவே குத்தகை, நிலுவை, வணிகச் சரக்கு, பணமாற்று ஆகியவை பற்றிய கவலை விடாது தொடர்வதைப் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை எனலாம்.

போர்ச் செலவு யாருடைய கணக்கில்

சந்தா சாகிப் 1752இல் கொல்லப்பட்டார். டூப்ளே 1754இல் திருப்பியழைக்கப்பட்டார். 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை முகம்மது அலியை நவாபாக ஏற்றது. போரில் அவர் வென்றவர் பக்கம். ஆனால் வெற்றியின் செலவை ஆங்கிலக் கம்பெனி அவருடைய பற்றுக் கணக்கில் எழுதியது. அவருக்காகவே போரிட்டதாகக் கம்பெனி கொண்ட நிலைப்பாட்டின் நேரடி விளைவு இது. தன் வணிகப் போட்டியாளரான பிரெஞ்சுக் கம்பெனியை ஒழித்த செலவையும் ஆங்கிலக் கம்பெனி இவ்வாறு நவாபின் தலையில் ஏற்றிவிட்டது.

கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் வருவாய் அடைமானம் வைக்கப்பட்டது. சென்னையைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமை 1763இல் கம்பெனிக்கு ஜாகீராக அளிக்கப்பட்டது. அந்நிலத்தை நவாபே 1780 வரை கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து வரி வசூலித்தார் என்பது கவனிக்கத்தக்கது. தன் நாட்டின் ஒரு பகுதிக்குத் தானே குத்தகைதாரராக இருந்த ஆட்சியாளர், அங்கு ஏரி வெட்டவோ மதகு கட்டவோ பணம் செலவிடுவார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

நவாபு தம் சுமையைக் கீழே தள்ளினார். 1762இல் கம்பெனி இடைநின்று செய்த உடன்படிக்கையின்படி, தஞ்சாவூர் மன்னர் பிரதாப சிங் 22 லட்சம் ரூபாயை நிலுவையாகத் தவணைகளில் தரவும் ஆண்டுதோறும் 4 லட்சம் ரூபாய் பேஷ்கஷ் செலுத்தவும் உடன்பட்டார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து அடக்கியாண்ட யூசுப் கான் நவாபுடன் முரண்பட்டபோது, 1763–64இல் மதுரை முற்றுகையிடப்பட்டு, 1764 அக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார். நவாபின் ஆட்சிக்குட்பட்ட தென்சீமைகளில் வருவாயை ஓரளவு ஒழுங்குபடுத்திய ஒருவரை, அவர் பெற்ற செல்வாக்கின் பொருட்டே ஒழிக்க வேண்டியிருந்தது. அம்முற்றுகையின் செலவும் கடன் கணக்கையே சேர்ந்தது.

வட்டி விகிதம் காட்டும் உண்மை

கம்பெனிக்குத் தர வேண்டிய தவணைகளை நவாபு எங்கிருந்து தந்தார்? கம்பெனியின் ஊழியர்களிடமே கடன் வாங்கித் தந்தார். சென்னையிலிருந்த ஆங்கில அலுவலர்கள், படை அதிகாரிகள், வணிகர்கள் தத்தம் பெயரிலும், சவுகார்களிடமிருந்தும் துபாஷிகளிடமிருந்தும் திரட்டிய பணத்திலும் நவாபுக்குக் கடன் கொடுத்தனர். ஊழியர் தந்த கடன் முதலாளியின் தவணையாகச் சென்றது.

தொடக்க ஆண்டுகளில் இக்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேலாகவும், பின்னர் 25, 20 விழுக்காடுகளாகவும் இருந்தது. 1767இல் கடன்கள் தொகுக்கப்பட்டபோது 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அத்தொகுப்பு ஏறத்தாழ 8,80,000 பவுன். இவ்வீழ்ச்சியை நாட்டின் நிலை சீரடைந்ததன் அடையாளமாகக் கொள்வது பிழையாகும். கடன் கொடுத்தவர் எடைபோட்டது நாட்டின் விளைச்சலை அன்று. வசூலுக்குக் கம்பெனியின் ஆதரவு கிடைக்குமா என்பதையே. கம்பெனி அக்கடன்களை ஏற்றுக்கொண்டவுடன் இடர் குறைந்தது, வட்டியும் குறைந்தது. நவாபின் அரசுக்குக் கிடைத்த நம்பிக்கை அவருடைய சொந்த நம்பிக்கையன்று, இரவல் நம்பிக்கை. அதனாலேயே கம்பெனிக்குத் தெரியாமல் வாங்கிய புதுக் கடன்களுக்கு வட்டி மீண்டும் ஏறியது.

கடனுக்கு ஈடு மாவட்ட வருவாயின் மீது எழுதித்தரப்படும் ‘தன்கா’ எனும் பத்திரம். அறுவடைக்கு முன்பே அவ்வாண்டு மேல்வாரம் கடன்காரருக்கு உரியதாகிவிடும். மாவட்ட அமில்தாரோ குத்தகைதாரரோ அப்பணத்தை முன்கூட்டியே செலுத்த அவரும் கடன் வாங்குவார். அவர் எத்தனை ஆண்டுகள் பதவியிலிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. ஆகவே கைப்பற்றக்கூடிய அனைத்தையும் இந்த ஆண்டே கைப்பற்ற முயல்வார். நிலைத்திருக்கும் கொள்ளையர் தம் குடிகள் வளம்பெற விரும்புவர், கடந்துசெல்லும் கொள்ளையர் விரும்பமாட்டார் என மான்சூர் ஓல்சன் 1993இல் எழுதிய கருத்து இங்குப் பொருந்துகிறது. ஓர் அரசு தன் எதிர்கால வருவாயை அடகுவைத்துவிட்டால், நிலைத்திருக்கும் ஆட்சியாளரும் கடந்துசெல்பவரைப் போலவே நடந்துகொள்ள நேரிடும் என்பதை ஆற்காட்டு வரலாறு அக்கருத்தோடு சேர்க்கிறது. முகம்மது அலி 1749 முதல் 1795 வரை நவாபு. நீண்ட ஆட்சிக்காலமே நிலைத்தன்மை ஆகாது என்பதற்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

குதிரைப்படைக் கடன் எனப்படும் 1777ஆம் ஆண்டுக் கடன் இம்முறையின் உச்சம். குதிரைப்படையின் ஒரு பகுதியைக் கலைக்குமாறு நவாபு வற்புறுத்தப்பட்டார். கலைப்பதற்கு வீரர்களின் ஊதிய நிலுவையைத் தீர்க்க வேண்டும். சில ஆங்கிலேயர்கள் 1,60,000 பவுன் பொறுப்பேற்று, ஈடாக மாவட்ட வருவாயை எழுதி வாங்கினர். வருவாய் அவர்கள் கைக்கு வந்தது. வீரர்களுக்குரிய பணமோ நெடுநாள் சேரவில்லை என்பது பர்க்கின் குற்றச்சாட்டு. பொதுச் செலவைக் குறைக்கும் முயற்சியே புதுக் கடனாயிற்று.

தஞ்சாவூர்: ஒரு விளைச்சலுக்கு இரண்டு உரிமையாளர்

கம்பெனிப் படையின் உதவியுடன் 1773இல் நவாபு தஞ்சாவூரைக் கைப்பற்றி, மன்னர் துளஜாவைச் சிறைவைத்தார். காவிரிப் படுகையின் நெல் விளைச்சல் தம் கடன்களைத் தீர்க்கும் என அவர் எண்ணியிருக்கலாம். நடந்தது வேறு. புதிய வருவாய் புதிய கடன்களுக்கு ஈடாயிற்று. நாட்டை மன்னரிடம் திருப்பித்தருமாறு லண்டனிலிருந்து இயக்குநர்கள் ஆணையிட்டனர். ஆளுநர் ஜார்ஜ் பிகட் 1776இல் துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தினார்.

அப்போது பால் பென்ஃபீல்ட் தமக்கு உரிய பணத்தைக் கோரி முன்வந்தார். கம்பெனியில் சிறு ஊதியம் பெற்ற அவர் காட்டிய கணக்கு ஏறத்தாழ 2,34,000 பவுன். அதில் 1,62,000 பவுன் தஞ்சாவூர் வருவாயின் மீது நவாபு எழுதித்தந்தவை. எஞ்சிய 72,000 பவுன் தஞ்சாவூர்க் குடிகளுக்கும் பிறருக்கும் நிற்கும் பயிரை ஈடாகக் கொண்டு தந்த கடன் என்றார். விளைச்சல் மன்னருக்கு உரியதா, அவரை நீக்கி ஆண்டவர் எழுதித்தந்த பத்திரத்தை வைத்திருப்பவருக்கு உரியதா? ஆட்சி மாறும்போது முன்னாட்சியின் கடன் யாரைச் சேரும் என்னும் இக்கேள்வி இன்றும் பன்னாட்டு நிதி வழக்குகளில் தீராமல் நிற்பது. சென்னையில் அதற்கு விடை கண்டது நீதிமன்றமன்று. கடன்காரர்களின் பக்கம் நின்ற ஆலோசனைக்குழுப் பெரும்பான்மை 1776 ஆகஸ்ட் 24 அன்று ஆளுநரையே கைதுசெய்தது. பிகட் 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார்.

நவாபின் அரசில் தோன்றிய நிலையின்மை கம்பெனியின் அரசையும் இவ்வாறு பற்றியது. பொதுவாக அரசியல் நிலையின்மை நிதியைக் கெடுக்கும் என்றே கூறப்படுகிறது. இங்குக் கெட்ட நிதி ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்தது.

ஏரியும் குடியும்

1780 ஜூலையில் ஹைதர் அலி சங்கமக் கணவாய் வழியே இறங்கினார். செப்டம்பரில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை அழிந்தது. சென்னையைச் சுற்றிய ஊர்கள் எரிக்கப்பட்டன. குடிகளும் நெசவாளரும் நகரத்துக்குள் அடைக்கலம் புகுந்தனர். தொடர்ந்த பஞ்சத்தில் 1782இல் தொடங்கிய கஞ்சித்தொட்டியே பிற்காலத்து மணியக்காரர் சத்திரம். இவ்வழிவைப் போரின் விளைவாக மட்டும் பார்ப்பவர்கள், போருக்கு முந்தைய இருபதாண்டுகளின் புறக்கணிப்பைக் காணத் தவறுகின்றனர்.

தொண்டை மண்டலத்தின் வேளாண்மை ஏரிகளை நம்பியது. ஏரிக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு தேவை. கரை பலப்படுத்தல், மதகு சீர்செய்தல், கலிங்கு காத்தல், வண்டல் அகற்றல் ஆகியவற்றின் பயன் பல ஆண்டுகள் கழித்தே முழுமையாகக் கிட்டும். மரபாக இதற்கென விளைச்சலில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. விளைச்சல் அறுவடைக்கு முன்பே கடன்காரருக்கு எழுதப்பட்டுவிட்ட நிலையில், அப்பங்கை ஒதுக்கக் குத்தகைதாரருக்குக் காரணம் எதுவுமில்லை. ஓராண்டுக் குத்தகைதாரரின் கணக்கில் ஏரி மராமத்து வெறும் செலவு, வரவு அடுத்தவருக்கு. ஏரி உடைந்தால் நீர்ப்பாசன நிலம் தரிசாகும், மேல்வாரம் குறையும், நிலுவை ஏறும், அதை ஈடுகட்ட வரி உயரும். வரி உயர்ந்த ஊரிலிருந்து பயிரிடுவோர் பெயர்ந்துசெல்வர். மிராசு உரிமை உடையவர் எளிதில் பெயர முடியாது. புறக்குடிகளும் அடிமைநிலையில் உழைத்த பள்ளர், பறையர் குடும்பங்களுமே முதலில் பட்டினியையோ பெயர்வையோ எதிர்கொண்டனர். கடன் பத்திரங்களில் இவர்களுடைய பெயர்கள் இடம்பெறா.

1790களின் நடுவில் செங்கற்பட்டின் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ், ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரிக்கரையைக் காத்த இராமரைப் பற்றிய கதை அவரோடு இணைத்து இன்றும் சொல்லப்படுகிறது; அக்கோயில் ஏரி காத்த இராமர் கோயில் எனவே வழங்குகிறது. கதையின் சமயப் பொருள் ஒருபுறமிருக்க, பெரிய ஏரியொன்று மீண்டும் மீண்டும் உடைந்தது ஊர்நினைவில் ஆழப் பதிந்திருந்ததை அது காட்டுகிறது. வரி வசூலுரிமை ஒரே கையில் உறுதிப்பட்ட பிறகே மராமத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டது என்பதும் நோக்கத்தக்கது.

மைசூருடன் ஓர் ஒப்பீடு

போரே எல்லாவற்றுக்கும் காரணம் எனக் கூறுவோர்க்கு மைசூர் மறுப்பாக நிற்கிறது. ஹைதரும் திப்புவும் இடைவிடாது போரிட்டனர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டமாகத் தர வேண்டியதாயிற்று. பாதி நாட்டின் வருவாயைக் கொண்டே தவணைகளைத் தீர்த்து, பிணையாக வைக்கப்பட்டிருந்த தம் மகன்கள் இருவரையும் 1794இல் மீட்டார். போரில் வென்ற அணியிலிருந்த நவாபோ 1767இலிருந்து தொடரும் கடனை அதே ஆண்டில் மேலும் சுமந்துகொண்டிருந்தார்.

திப்புவின் வசூல் மென்மையானதன்று. தண்டப் பணத்தைத் திரட்ட அவர் குடிகளின்மீது சுமத்திய சுமை மிகக் கடுமையானது. மைசூர் மக்கள் ஆற்காட்டு மக்களைவிட நலமாக வாழ்ந்தனர் என இவ்வொப்பீட்டால் நிறுவ முடியாது. நிறுவக்கூடியது ஒன்றே: மைசூரில் வரி கேட்பவர் யார் என்பதில் ஐயமில்லை, இடைக் குத்தகைதாரரையும் பாளையக்காரரையும் ஒடுக்கி அமில்தார்கள் வழியே அரசு நேரடியாக வசூலித்தது. இருநாடுகளுக்கும் போர் பொது. வசூலுரிமையின் தெளிவு ஒன்றுக்கு மட்டும் இருந்தது.

ஒழுங்கான தவணைகள்

1781 டிசம்பர் 2 அன்று ஆளுநர் மக்கார்ட்னியுடன் செய்த ஏற்பாட்டின்படி நவாபு தம் நாட்டு வருவாய் முழுவதையும் ஐந்தாண்டுகளுக்குக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். ஆறில் ஒரு பங்கு அவருடைய செலவுக்கு. இவ்வேற்பாடு நீடித்திருந்தால் ஒரே வசூலாளர் என்னும் நிலை அப்போதே ஏற்பட்டிருக்கும். ஆனால் 1784இல் பிட்டின் இந்தியச் சட்டம் நிறைவேறியது. புதிதாக அமைந்த கட்டுப்பாட்டு வாரியத்தில் ஹென்றி டண்டாஸ் செல்வாக்குப் பெற்றார். வாரியம், கடன்கள் மூன்று தொகுப்புகளையும் ஆராயாமலேயே ஏற்று, ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், கடன்காரர்களுக்கு ஒதுக்குமாறு பணித்தது. வருவாயும் நவாபிடமே திரும்பியது. 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் நாடாளுமன்றத்தில் இதனை எதிர்த்து நெடிய உரை நிகழ்த்தினார். எட்டு உறுப்பினர்களை பென்ஃபீல்ட் தம் பணத்தால் அவைக்கு அனுப்பினார் என்பது அவ்வுரையின் முதன்மையான குற்றச்சாட்டுகளுள் ஒன்று. தொண்டை மண்டலத்து மேல்வாரம் இங்கிலாந்தின் தேர்தல்வரை சென்றதென்றால், கடன்களை ஆராய மறுத்த முடிவைத் தற்செயலாகக் கருத இயலாது.

1787இலும் 1792இலும் புதிய உடன்படிக்கைகள் ஏற்பட்டன. பின்னதன்படி நவாபு ஆண்டுக்கு 9 லட்சம் வராகன் படைச் செலவுக்கும், 6 லட்சத்துக்கு மேற்பட்ட வராகன் கடன்காரர்களுக்கும் தர வேண்டும். பாளையக்காரரின் பேஷ்கஷைக் கம்பெனியே தண்டும். நவாபு தவணை தவறினால் மாவட்டங்கள் கம்பெனிக்குப் போகும். எனவே அவர் தவறவில்லை. ஆளுநர் ஹோபர்ட் 1795இல் எழுதிய குறிப்பு இதன் உள்ளியக்கத்தை விளக்குகிறது. தவணை நாள் நெருங்கும்போது சென்னையின் ஐரோப்பிய வணிக இல்லங்கள் பணம் தந்தன. ஈடாக மாவட்ட வருவாயைப் பெற்றன. அங்குத் தம் முகவர்களை அமர்த்தி வசூலித்தன. கம்பெனியின் ஏட்டில் வரவு நாள் தவறாமல் இருந்தது. அவ்வரவுக்குப் பின்னே நாடு ஆண்டுதோறும் மேலும் அடகில் அமிழ்ந்தது. ஓர் அரசு தவணை தவறாமல் கடன் கட்டுவதை அதன் நிதி நலத்தின் சான்றாகக் கொள்வதிலுள்ள இடரை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி தமிழக வரலாற்றில் இல்லை.

பாளையங்களில் வேறு விதமாக விளைந்தது. நவாபின் பேஷ்கஷ் நிலுவையாகலாம், பேச்சுவார்த்தைக்கு உட்படலாம். கம்பெனியின் கலெக்டர் கேட்டதோ நாள் குறித்த தொகை. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் மூண்ட பூசலில் பேஷ்கஷ் நிலுவைக்கு உரிய இடம் நன்கறியப்பட்டது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில். விடுதலை உணர்வின் வரலாறாக எழுதப்படும் இந்நிகழ்ச்சிகளுக்கு நிதி வரலாறு ஒன்றும் உண்டு. ஒன்று மற்றொன்றைக் குறைக்காது.

1801க்குப் பின்

முகம்மது அலியின் மகன் உம்தத்-உல்-உமாரா 1801 ஜூலை 15 அன்று இறந்தார். அவர் தந்தையும் அவரும் திப்புவுடன் மறைவாகக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தனர் என்ற குற்றச்சாட்டை முன்வைத்து, ஜூலை 31 அன்று ஆசிம்-உத்-தௌலாவுடன் கம்பெனி உடன்படிக்கை செய்தது. நாட்டின் நிருவாகமும் வருவாயும் கம்பெனிக்கு. நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு.

ஆட்சியுரிமைக் குழப்பம் அன்றோடு தீர்ந்தது. கருவூலத்தின் குழப்பமும் பெருமளவு தீர்ந்தது. குடியானவரின் நிலை அதே அளவில் சீரடைந்ததா என்பது வேறு கேள்வி. உறுதியான வசூலாளர் கிடைத்ததும் வரியின் அளவு குறையவில்லை. தப்பிக்கும் வழிகள்தாம் குறைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாணத்தின் நிலவரிச் சுமை பற்றிக் கம்பெனியின் அலுவலர்களே எழுதிய குறைகள் பல. நிலையின்மை வளர்ச்சியைத் தடுக்கிறது என்னும் முடிவிலிருந்து, நிலைத்தன்மை வளர்ச்சியைத் தரும் என்னும் முடிவுக்குத் தாவ ஆற்காட்டுச் சான்றுகள் இடந்தரவில்லை. உரிமை உறுதிப்படுவது முதலீட்டுக்கு வேண்டிய நிபந்தனை. உறுதிப்பட்ட உரிமையாளர் எதற்காக வசூலிக்கிறார் என்பதே மீதியை முடிவுசெய்கிறது.

நவாபுகளின் எஞ்சிய கடன்களை ஆராய 1805இல் ஆணையம் அமைந்தது. அதன் முன் வந்த கோரிக்கைகளின் மொத்தம் 3 கோடி பவுனுக்கு மேல். கால் நூற்றாண்டு நீண்ட விசாரணையின் இறுதியில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே மெய்யான கடன் என ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்டவை கர்நாடக வருவாயிலிருந்தே தீர்க்கப்பட்டன. தள்ளப்பட்ட பத்திரங்களுள் போலிகளும் உண்டு. பலமுறை வட்டியேறி வீங்கியவையும் உண்டு. அவை தள்ளப்பட்டனவே தவிர, அவற்றைக் காட்டி அதற்கு முன் நாற்பதாண்டுகளில் மாவட்டங்களிலிருந்து வசூலிக்கப்பட்டது எவ்வளவு என்பதைக் கணக்கிடும் பணி ஆணையத்துக்குத் தரப்படவில்லை.